ரோவரைத் தூக்கும் முன்: ஃபிக்ஸ், ஃப்ளோட், அப்புறம் அந்த 90 மீட்டர்

காங்கேயம் பக்கம் ஒரு கொரங்காட்டை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தை, ஆர்டிகே ஜிபிஎஸ் கருவியோடு அளக்கப் போயிருந்தோம். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள். மூலைக்கல்லில் ரோவரை, அதாவது கம்பத்தில் மாட்டி எடுத்துப் போகும் கருவியை, நிறுத்திய பையன், "அண்ணா, புள்ளி எடுத்துட்டேனுங்க" என்றான். திரையில் 'ஃப்ளோட்' என்று இருந்தது. அந்தப் புள்ளியை அழிக்கச் சொல்லிவிட்டேன். நீங்களும் அழியுங்கள்.

போனில் இருக்கும் ஜிபிஎஸ், செயற்கைக்கோள் அனுப்பும் குறியீட்டை வைத்துத் தூரம் கணக்கிடுகிறது, திறந்த வெளியிலேயே சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். ஆர்டிகே கருவி அந்தக் குறியீட்டைச் சுமந்து வரும் அலையையே அளக்கிறது. எல்1 என்ற அந்த அலையின் நீளம் சுமார் 19 செ.மீ.; அந்த ஒரு அலைக்குள் எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதை மில்லிமீட்டர் கணக்கில் சொல்லிவிடும், ஆனால் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்கும் நமக்கும் நடுவில் மொத்தம் எத்தனை முழு அலை என்று அதற்குத் தெரியாது. கயிறு போட்டுக் காடு அளந்தவர் கடைசித் துண்டைச் சரியாக அளந்துவிட்டு, எத்தனை கயிறு போட்டோம் என்பதை மறந்த மாதிரி. தெரியாத அந்த எண்ணிக்கைக்குத்தான் ஆம்பிகியூட்டி என்று பெயர். அதை முழு எண்ணாகப் பிடித்துவிட்டால் ஃபிக்ஸ், பிழை ஒன்றிரண்டு செ.மீ. பின்னத்தில் ஆடிக்கொண்டிருந்தால் ஃப்ளோட், அரை அடியும் போகலாம், மூன்று அடியும் போகலாம். ஓரிடத்தில் அசையாமல் நிறுத்திய இன்னொரு கருவிதான் பேஸ்; அது அனுப்பும் திருத்தமே வரவில்லை என்றால் சிங்கிள், அது போனுக்குச் சமம்.

ஃபிக்ஸ் வந்துவிட்டது, சரி. அதிலும் பொய் ஃபிக்ஸ் உண்டு. தென்னந்தோப்புக்குள்ளும், தகரம் வேய்ந்த கோழிப்பண்ணை ஓரத்திலும் சிக்னல் எதிலாவது பட்டுத் திரும்பி வந்து ஏமாற்றும், இதுதான் மல்டிபாத். அதனால் மூலைக்கல்லை ஒரு தடவை எடுத்த பிறகு, ஃபிக்ஸை விட்டு மறுபடி பிடிக்க வைத்து, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை எடுங்கள். இரண்டும் இரண்டு செ.மீ.க்குள் ஒத்துவந்தால் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பிடாப் என்பது செயற்கைக்கோள்கள் வானத்தில் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதற்கான எண். 2-க்குள் நல்லது, 4-ஐத் தாண்டினால் காத்திருங்கள்.

பேஸை நிறுத்திய இடத்தில் ஆணி அடித்து வையுங்கள். அளவு தெரியாத இடத்தில் வைத்து 'இங்கே' என்று அழுத்தினால், அன்றைய புள்ளிகள் தங்களுக்குள் பொருந்தும், ஆனால் மொத்தமும் மீட்டர் கணக்கில் நகர்ந்திருக்கும். மறுநாள் வேறு இடத்தில் வைத்தால் நேற்றைய வரப்பு பக்கத்துக் காட்டுக்குள் போய்விடும். பேஸிலிருந்து தள்ளிப் போகப் போக, 10 கி.மீ.க்குச் சுமார் 1 செ.மீ. பிழை கூடும்.

உயரத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கருவி முதலில் காட்டுவது எலிப்சாய்டு உயரம். பூமியை வழவழப்பான, கொஞ்சம் தட்டையான உருண்டையாக வைத்துக்கொண்டு கணக்கிட்டது. கடல் மட்டத்தை ஒட்டிய ஜியாய்டு, கொங்குப் பகுதியில் அதற்குக் கீழே சுமார் 90 மீட்டரில் கிடக்கிறது. அதனால் கடல் மட்டத்துக்கு மேல் 400 மீட்டர் உள்ள தோட்டத்தில் திரை 310 பக்கம் காட்டும். கருவி கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம், இந்த வித்தியாசத்தைக் கழித்துத் தரும் ஜியாய்டு மாடலைக் கருவியில் ஏற்றுங்கள். வாய்க்கால் மட்டம் பார்க்க இது இல்லாமல் இறங்கவே கூடாது.

இன்னொன்று, யுடிஎம் மண்டலம். பூமியை 6 டிகிரி அகலப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இடத்தை மீட்டரில் சொல்லும் முறை இது. 78 டிகிரி தீர்க்கரேகை நம் கொங்கு நாட்டுக்குள்ளேயே ஓடுகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு எல்லாம் மண்டலம் 43. கரூரும் நாமக்கல் நகரமும் 44. கொடுமுடியில் எட்டு லட்சத்துச் சொச்சம் மீட்டராக இருந்த கிழக்கு அளவு (ஈஸ்டிங்), கரூர் போனதும் ஒன்றே முக்கால் லட்சத்துப் பக்கம் வந்து நிற்கும். மண்டல எண்ணை ஃபைல் பெயரிலேயே எழுதுங்கள். வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் 1802-ல் சென்னையில் தொடங்கிய பெரும் அளவைப் பணியும் இந்த 78 டிகிரியை ஒட்டித்தான் வடக்கே ஏறியது, எனக்கு அந்தக் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

பங்குனி, புரட்டாசி மாதங்களில் இருட்டிய பிறகு ஃபிக்ஸ் விட்டு விட்டு வரலாம். காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் தலைக்கு மேல் உயரத்தில் மின்னேற்றம் உள்ள காற்றடுக்கான அயனோஸ்பியர் அந்த நேரத்தில் கொந்தளிக்கும். கம்பத்தை மடக்கி வைத்துவிட்டு, விடிந்ததும் அதே கல்லிலிருந்து தொடங்குங்கள்.