எண்ணூர்க் கழிமுகத்தில் கலப்பினக் கொக்கை அறிவது எப்படி?

எண்ணூரில் நீர் வற்றும் நேரம், சாம்பல் படிந்த சேற்றுத்திட்டை நோக்கி, வெயில் முதுகில் விழும்படி நில்லுங்கள். சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள். கரைக்கொக்குக்கு அலகு தடித்துப் பழுப்பேறியிருக்கும், உடல் பெரும்பாலும் கருஞ்சாம்பல், தொண்டை வெள்ளை. இரண்டுக்கும் இடைப்பட்ட அலகும் இறகும் தென்பட்டால் கலப்பினமோ என ஐயுறலாம். ஆனால் கரைக்கொக்கின் இளம்பருவத்திலும் திட்டுநிறம் உண்டு என்பதால் (நானே ஏமாந்திருக்கிறேன்) நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.

அலையாத்திக் காடு அழிந்து கூடமைக்கும் இடம் சுருங்கும்போது, நெருங்கிய இனங்கள் ஒரே மரத்தில் திரண்டு, தம்மினத் துணை கிடைக்காமல் அயலினத்தோடு இணைய நேரலாம். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலோ, நீர் கலங்கியதால் நிறம் பார்த்துத் துணை தேடும் சிக்லிட் மீன்கள் இனம் பிரித்தறியாமல் கலந்தன என்று 1997இல் ஆய்வாளர்கள் காட்டினர். ஆகவே குறிப்பேட்டில் பறவையோடு, நீரின் கலங்கலையும் எஞ்சிய மரங்களையும் எழுதுங்கள். கூட்டருகே மட்டும் செல்லாதீர்கள்.