அணுகுண்டு பற்றிய நூல்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

‘அணு ஆயுதம்’ என்று பெயர் ஒட்டிய ஓர் அலமாரியைத் தேடி நூலகத்துக்குள் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். இந்த விஷயம் நாலைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. டூயி பகுப்பு முறையில் (பொருள்வாரியாக எண் கொடுத்து) அடுக்கும் நூலகம் என்றால் இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அணுக்கரு இயற்பியல் 539.7, ஆயுதப் பொறியியல் 623.4, இரண்டாம் உலகப் போர் 940.54, ஆயுதக் குறைப்பு 327.1. நாலையும் ஒரு சுற்று பார்த்துவிடுவது நல்லது.

படி 1: தேடுசொல். கணினிப் பட்டியலில் ஆங்கிலத்தில்தான் தேட வேண்டியிருக்கும். ‘நியூக்ளியர் வெப்பன்ஸ்’ மட்டும் போதாது. பழைய நூல்கள் ‘அட்டாமிக் பாம்’ என்ற தலைப்பில் பதுங்கியிருக்கும். முதல் அணுகுண்டைச் செய்த அமெரிக்க ரகசியத் திட்டத்தின் பெயரான ‘மன்ஹாட்டன் ப்ராஜெக்ட்’ என்றும் போட்டுப் பாருங்கள்.

படி 2: ஒரு தாய் நூல். பத்து நூல்களைக் குவித்துக்கொண்டு எதையும் முடிக்காமல் விடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. நான் கைகாட்டுவது ரிச்சர்ட் ரோட்ஸ் எழுதிய ‘தி மேக்கிங் ஆஃப் தி அட்டாமிக் பாம்’. 1988-இல் புலிட்சர் பரிசு பெற்றது. 1933-இல் லண்டன் தெருவொன்றில் சிக்னல் விளக்குக்காக இயற்பியலாளர் லியோ சிலார்ட் காத்து நிற்பதில் தொடங்கும். நூல் தலையணை கனம்தான், ஆனால் இயற்பியல் தெரியாதவரையும் இழுத்துக்கொண்டு போகும். ஹைட்ரஜன் குண்டுக்கு அவருடைய ‘டார்க் சன்’ இருக்கிறது.

படி 3: கடைசிப் பக்கங்கள். தாய் நூலின் பின்னால் உள்ள குறிப்புகளைப் புரட்டுங்கள். எந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதோ, அதுதான் நீங்கள் அடுத்து தேட வேண்டிய நூல். எந்த இணையப் பரிந்துரைப் பட்டியலையும்விட இதை நம்பலாம்.

படி 4: வெளியான ஆண்டு. இந்தத் துறையில் இதைப் பார்க்காமல் நூலைத் தொடாதீர்கள். ரகசியக் கோப்புகள் தவணை தவணையாகத்தான் வெளிவந்தன. அணுகுண்டை வடிவமைத்த லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர் தியோடர் ஹால் சோவியத் உளவாளி என்பது 1990-களின் நடுவில்தான் பொதுவெளிக்கு வந்தது. அதற்கு முந்தைய நூல்களில் அந்தக் கதையைத் தேடிப் பயனில்லை.

படி 5: குண்டு விழுந்த பக்கம். விஞ்ஞானிகளின் கதையிலேயே மயங்கி நின்றுவிடுவது சுலபம். உயிர் பிழைத்த ஆறு பேரைப் பின்தொடரும் ஜான் ஹெர்சியின் ‘ஹிரோஷிமா’ (1946) சின்ன நூல். ஒரே நாளில் படித்துவிடலாம், ஆனால் தூக்கம் வராது.

படி 6: மூல ஆவணங்கள். குண்டு உருவான விதத்தைப் பற்றி அமெரிக்க அரசே வெளியிட்ட ஸ்மைத் அறிக்கை, நாகசாகிக்கு மூன்றே நாள் கழித்து, 1945 ஆகஸ்ட் 12-இல் வந்தது. இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கும். அதோடு இயற்பியலாளர் ராபர்ட் செர்பர் 1943-இல் லாஸ் அலமாஸில் நடத்திய அறிமுக வகுப்புகளின் குறிப்பான ‘தி லாஸ் அலமாஸ் ப்ரைமர்’ நூலையும் சேர்த்துப் படியுங்கள். 1992 பதிப்பில் செர்பரே ஓரக்குறிப்புகள் எழுதியிருக்கிறார். அவர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது ‘பாம்’ என்று சொல்ல வேண்டாம் என்று ஆள் அனுப்பிச் சொன்னார்களாம், சுற்றிலும் தச்சர்களும் மின்பணியாளர்களும் வேலை செய்துகொண்டிருந்ததால். அன்றிலிருந்து அது ‘கேட்ஜெட்’ ஆகிவிட்டது.