முதல் தோல்பையைக் கையால் செய்வது: தோலும் பசையும் வடிவமும் தேர்ந்தெடுக்கும் முறை

இந்த விளக்கத்தில் நாம் செய்யப்போவது 24 செ.மீ. அகலமும் 18 செ.மீ. உயரமும் 6 செ.மீ. ஆழமும் கொண்ட, மூடி போட்ட ஒரு சிறிய தோள்பை. இதற்கு உள்துணியும் கிடையாது, ஜிப்பும் கிடையாது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதையே நான் பரிந்துரைக்கிறேன். உள்துணி போட்டுவிட்டால் உள்ளே நடக்கும் தவறுகள் எல்லாம் மறைந்துபோகும், மறைந்த தவறிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது. தோல்பை செய்வதில் ஒவ்வொரு தேர்வும் அடுத்த தேர்வைக் கட்டுப்படுத்துகிறது. எந்தத் தோல் என்பதை வைத்தே எந்தப் பசை, எந்த வளைவு, எந்த ஓரம் என்பதெல்லாம் முடிவாகின்றன. ஆகவே கத்தியை எடுக்கும் முன் தோலைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசிவிடுகிறேன்.

தோல்

கடைகளில் கிடைக்கும் தோலைப் பதனிட்ட முறையை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று குரோமிய உப்பு கொண்டு பதனிட்ட குரோம் தோல். சென்னையில் குரோம்பேட்டை என்ற ஊருக்குப் பெயர் வந்ததே அங்கு இயங்கிய குரோம் தோல் தொழிற்சாலையால்தான். மற்றொன்று மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் உள்ள துவர்ப்புச் சத்தைக் கொண்டு பதனிட்ட பட்டைத் தோல். ஒருகாலத்தில் ஆவாரம் பட்டையால் பதனிட்டு, சென்னைத் துறைமுகம் வழியாக ஏற்றுமதியான தோலுக்கு ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக ‘ஈ.ஐ. தோல்’ என்பார்கள். அது இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள்.

குரோம் தோல் மென்மையானது, நீரைத் தாங்கும், எல்லா நிறத்திலும் கிடைக்கும். ஆனால் நனைத்து வளைத்தாலும் அந்த வளைவில் நிற்காது, வெட்டிய ஓரத்தைத் தேய்த்தாலும் பளபளப்பாகாது. பட்டைத் தோலோ நனைத்தால் களிமண்போல் இணங்கி, காய்ந்தபின் கொடுத்த வடிவத்திலேயே நிற்கும். அதன் ஓரத்தை நீரும் மெழுகும் கொண்டு தேய்த்தே மெருகேற்றிவிடலாம். கையால் செய்யும் முதல் பைக்குப் பட்டைத் தோல்தான் ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

வாங்கும்போது விற்பவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் வெட்டு ஓரத்தைப் பாருங்கள். சாயம் முழுமையாக ஊறாத குரோம் தோலின் நடுவில் இலேசான நீலச் சாம்பல் நிறம் தெரியும். பட்டைத் தோலின் ஓரம் முழுவதும் பழுப்பாகவோ வெளிறிய மண்நிறமாகவோ இருக்கும். மேல்பூச்சு இல்லாத பட்டைத் தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது உள்ளே இறங்கி அந்த இடம் கறுக்கும். நகத்தால் அழுத்தினால் தடம் பதியும். தோலின் உட்புறமான சதைப்பக்கத்தில் துணியின் நெசவு தெரிந்தால் அது ரெக்ஸின், தோலே அன்று. மயிர் இருந்த மேல்பரப்பை நீக்கிவிட்டு, அடியடுக்கின்மேல் பூச்சு அடித்து விற்கும் ‘ஸ்ப்ளிட்’ தோலும் பைக்கு உதவாது. அதில் ரிவெட் அடித்த இடம் நாளடைவில் கிழிந்து வரும்.

தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் விற்பார்கள். இந்தப் பையின் பாகங்கள் வாரையும் சேர்த்து ஏறத்தாழ 2.1 சதுர அடி வரும். தழும்பு, வயிற்றுப்பகுதி, வெட்டுக்கழிவு ஆகியவற்றுக்கு இடம் விட்டு 3 சதுர அடி வாங்குங்கள். உடற்பகுதிக்கு 1.8 மி.மீ., இரு பக்கங்களையும் அடியையும் சுற்றிவரும் பக்கப்பட்டிக்கு 1.2 மி.மீ., வாருக்கு 2.5 மி.மீ. தடிமன் வேண்டும். சென்னைப் பெரியமேட்டில் தோல் விற்கும் கடைகளில் கேட்டால், இயந்திரத்தில் கொடுத்துத் தடிமனைக் குறைத்து வாங்கித் தரவும் கூடும். விலங்கின் முதுகுப்பகுதி இறுக்கமானது, வயிற்றுப்பகுதி இழுபடும். எனவே வாரை முதுகெலும்பின் போக்கிலேயே வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டிய வார் சில மாதங்களிலேயே நீண்டு, பை இடுப்புக்குக் கீழே தொங்கத் தொடங்கிவிடும்.

உலோகப் பொருள்களில் ஓர் எச்சரிக்கை. வார் கோக்கும் வளையமும் ரிவெட்டும் மூடியை மாட்டும் குமிழும் பித்தளையாகவே இருக்கட்டும். நான் செய்த இரண்டாவது பையில், நனைத்த பக்கப்பட்டியை இரும்புக் கிளிப்புகளால் பிடித்து இரவு முழுவதும் காயவைத்தேன். காலையில் ஒவ்வொரு கிளிப்பின் வாயடியிலும் கருநீலத்தில் ஒரு புள்ளி, மை கொட்டியதுபோல. உண்மையில் அது மையேதான். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து நம் முன்னோர் எழுத்துமை காய்ச்சினார்கள். பட்டைத் தோலின் துவர்ப்பும் ஈரமும் இரும்பும் சேர்ந்தால் அதே வேதிவினைதான் நடக்கிறது. அந்தக் கறையை எதைக் கொண்டும் முழுமையாக நீக்க முடியவில்லை. அன்றிலிருந்து தோலுக்கும் கிளிப்புக்கும் நடுவே ஒரு துண்டுத் தோலை வைக்காமல் நான் இறுக்குவதில்லை.

அச்சு வெட்டுதல்

தடித்த அட்டையில் முதலில் அச்சு எடுங்கள். முன்பலகை 24 × 18 செ.மீ. பின்பலகையும் மூடியும் ஒரே துண்டாக 24 × 36 செ.மீ.; அதாவது பின்புறத்துக்கு 18, மேல் ஆழத்துக்கு 6, மூடிக்கு 12. பக்கப்பட்டி 58 × 7.2 செ.மீ.; இதில் 6 செ.மீ. பையின் ஆழம், இருபுறமும் 6 மி.மீ. தையலுக்கான மடிப்பு. வளையம் பிடிக்கும் பட்டைகள் 2 × 8 செ.மீ. அளவில் இரண்டு.

இரண்டு பலகைகளின் கீழ்மூலைகளையும் 5 செ.மீ. ஆரத்தில் வளையுங்கள். இந்த 5 என்பது அழகுக்காக மட்டும் சொன்ன எண் அன்று. பக்கப்பட்டியின் மடிப்பு வெளிநோக்கி விரிவதால் மூலையில் அது நீட்சி கொடுத்தாக வேண்டும். 5 செ.மீ. ஆரத்தில் அதன் விளிம்பு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு நீண்டால் போதும், 1.2 மி.மீ. பட்டைத் தோல் ஈரத்தில் அதைத் தாங்கிவிடும். ஆரத்தை 2 செ.மீ. ஆகச் சுருக்கினால் விளிம்பு ஒன்றரை மடங்குக்கு அருகில் நீள வேண்டியிருக்கும். தோல் கிழியும், அல்லது பை மூலையில் கோணிக்கொள்ளும். கூர்மூலைப் பை வேண்டுமென்றால் அதற்கு வேறு கட்டமைப்பு தேவை.

அச்சைத் தோலின் முகப்பக்கத்தில் வைத்து, மழுங்கிய ஊசியால் கோடு கிழித்து, புதிய அலகு போட்ட கத்தியால் வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்ட முயலாமல் இரண்டு மூன்று முறை இழுத்து வெட்டினால் ஓரம் செங்குத்தாக வரும்.

பக்கப்பட்டியை உருவாக்குதல்

பக்கப்பட்டியை வெதுவெதுப்பான நீரில் சில விநாடிகள் முக்கி எடுத்து, மேற்பரப்பின் நிறம் சற்று மீளும்வரை காத்திருங்கள். பிறகு இருபுற ஓரங்களிலும் 6 மி.மீ. அகலத்துக்கு, முகப்பக்கம் நோக்கி மடித்து எலும்புக் கத்தியாலோ கரண்டிக் காம்பாலோ தேய்த்துப் படியவையுங்கள். அட்டையில் வெட்டிய முன்பலகை அச்சைச் சுற்றி அதை வளைத்து, மூலைகளில் மடிப்பை விரலால் மெல்ல இழுத்துவிடுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் முகப்பரப்பு வெடிக்கும். அப்படியே ஓர் இரவு காய வேண்டும். ஈரம் மிச்சமிருக்கும் தோலில் அடுத்துச் சொல்லப்போகும் பசை சரியாகப் பிடிக்காது.

காய்ந்தபின், பட்டியின் நடுவைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து இருபுறமும் 21 முதல் 24 செ.மீ. வரையிலான இடத்தில், வளையம் கோத்து இரண்டாக மடித்த பட்டையைத் தைத்து, நடுவே ஒரு ரிவெட் அடித்துவிடுங்கள். முன்பலகையில் குமிழையும் இப்போதே திருகிவிடுங்கள். பை மூடிக்கொண்ட பிறகு உள்ளே கை விட்டு ரிவெட் அடிப்பது முடியாத வேலை.

பசை

பசை எதற்கு என்பதில் தெளிவு வேண்டும். தைக்கும்வரை இரண்டு துண்டுகளை நகராமல் பிடிப்பதே அதன் வேலை. பையின் சுமையைத் தாங்க வேண்டியது தையல். பசையை நம்பித் தையலில் சிக்கனம் பிடித்த பை கோடை வெயிலில் பசை இளகியதும் வாய் பிளந்துகொள்ளும்.

நம் ஊரில் எளிதில் கிடைப்பவை மூன்று. முதலாவது செயற்கை ரப்பர் பசை; ஃபெவிகால் எஸ்.ஆர். 998 இந்த வகையைச் சேர்ந்தது. இரண்டு பரப்பிலும் மெல்லியதாகப் பூசி, 10 முதல் 15 நிமிடம் காத்திருந்து, விரலில் ஒட்டாத நிலை வந்தபின் சேர்த்தால் அந்தக் கணமே பிடித்துக்கொள்ளும். நகர்த்திச் சரிசெய்ய வாய்ப்பே இராது. இரண்டாவது தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை. இது ஈரமாக இருக்கும்வரை நகர்த்தலாம் என்பதால் தட்டையான பாகங்களுக்குத் தொடக்கநிலையில் வசதியானது. ஆனால் காயும்வரை கிளிப் போட்டு வைக்க வேண்டும், காய்ந்தபின் சற்று விறைக்கும். மூன்றாவது ரப்பர் சொல்யூஷன். பிடிப்பு குறைவு, தற்காலிகமாக நிறுத்திவைக்க உதவும். சில நொடியில் ஒட்டும் சயனோ வகைப் பசையைத் தோலுக்குப் பயன்படுத்தவே வேண்டாம். அது இழைகளுக்குள் ஊறிக் கண்ணாடிபோல் இறுகி, வளையும்போது உடைந்துவிடும். அந்த இடத்தில் ஊசியும் இறங்காது.

நமக்கு வளைவு இருப்பதால் செயற்கை ரப்பர் பசையே தேவை. ஆனால் ஒட்டும் முன் ஒரு வேலை இருக்கிறது. 4 மி.மீ. இடைவெளி கொண்ட பல் உளியால், கொட்டாப்புளியைக் கொண்டு அடித்து, இரண்டு பலகைகளின் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தையல் துளைகளை முழுமையாகப் போட்டுவிடுங்கள். நேர்கோட்டில் நான்கு பல் உளியும் வளைவில் இரண்டு பல் உளியும் பயன்படும். ஒவ்வொரு முறையும் முதல் பல்லை முந்தைய கடைசித் துளையிலேயே இறக்கினால் இடைவெளி பிசகாது.

இனி, பலகையின் சதைப்பக்க ஓரத்திலும் பக்கப்பட்டி மடிப்பின் சதைப்பக்கத்திலும் 5 மி.மீ. அகலத்துக்கு மட்டும் பசை பூசுங்கள். இரண்டும் சதைப்பக்கங்கள் என்பதால் பசை நன்றாக ஊறிப் பிடிக்கும். முகப்பக்கத்தில் ஒட்ட நேரும் இடங்களை, வளையப் பட்டையின் அடியில் இருப்பதுபோல, முதலில் உப்புத்தாளால் சுரண்டிக்கொள்ள வேண்டும். வழவழப்பான முகப்பரப்பில் பசை ஏடுபோல் உரிந்து வந்துவிடும். இந்தப் பசையில் எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான் இருப்பதால், சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பும் ஊதுவத்தியும் இல்லாத அறையில் வேலை செய்யுங்கள். மின்விசிறியின் நேர்க்காற்று வேண்டாம். மேலே மட்டும் ஏடு கட்டி உள்ளே ஈரமாகவே இருக்கும்.

பலகையின் கீழ்நடுவில் பட்டியின் நடுக்குறியைப் பொருத்தி, அங்கிருந்து இருபுறமும் மேல்நோக்கி ஒட்டிக்கொண்டு போங்கள். மேலே மிஞ்சும் பட்டியைப் பலகையின் மட்டத்துக்கு வெட்டிவிடலாம். ஓர் ஓரத்திலிருந்து தொடங்கினால் பிசகு முழுவதும் மறுகோடியில் வந்து சேரும். ஒட்டியபின் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டுங்கள். இந்தப் பசைக்கு எவ்வளவு நேரம் அழுத்தினோம் என்பதைவிட எவ்வளவு வலுவாக அழுத்தினோம் என்பதே முக்கியம்.

தையல்

ஒரு பக்கத் தையல் ஏறத்தாழ 56 செ.மீ., அதாவது 140 தையல். மெழுகேற்றிய 0.8 மி.மீ. பாலியஸ்டர் நூலைத் தையல் நீளத்தைப்போல் நான்கு மடங்கு எடுக்க வேண்டும். இரண்டேகால் மீட்டர் நூலை ஒரேயடியாக இழுத்தால் அது துளைகளில் உரசி மெழுகை இழக்கும் என்பதால், கீழ்நடுவிலிருந்து இரண்டு பாதியாகத் தைப்பது நல்லது. நூலின் இரு முனைகளிலும் மழுங்கிய ஊசி கோத்து, முதல் துளையில் நூலை நடுவாக நிறுத்துங்கள். அடுத்த துளையில் குத்தூசியைச் செலுத்திப் பக்கப்பட்டியையும் துளைத்து, முன்பக்க ஊசியை முதலில் விட்டு, அதே துளையில் பின்பக்க ஊசியை விட்டு, இரு கைகளாலும் சமமாக இழுங்கள். இரண்டாவது ஊசி முதல் நூலைக் குத்தாமல் அதன் ஒரே பக்கமாக எப்போதும் செல்ல வேண்டும். வரிசை மாறினால் தையலின் சாய்வு மாறிவிடும். ஓரிடத்தில் மாறினாலும் கண் அங்கேதான் போகும்.

தையல் இயந்திரத்தில் மேல்நூலும் கீழ்நூலும் நடுவில் கொக்கி போட்டுக்கொள்கின்றன. ஒன்று அறுந்தால் அருகில் உள்ள தையலும் தளரும். இரட்டை ஊசித் தையலில் ஒவ்வொரு துளையிலும் இரு நூலும் முழுமையாகக் கடக்கின்றன. ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். கையால் செய்வதற்கு நியாயமான காரணம் எனக்கு இதுதான். மேல்முனையில் மூன்று தையல் பின்னோக்கி வந்து, நூலை நறுக்கி, நுனியை நெருப்பால் இளக்கி அழுத்துங்கள்.

ஓரமும் வாரும்

தைத்த ஓரத்தை முதலில் 220, பிறகு 400 எண் உப்புத்தாளால் தேய்த்து ஒரே மட்டமாக்குங்கள். இரு அடுக்கும் சேரும் கோடு மறையும்வரை தேய்ப்பது அவசியம். சிறிதளவு நீர் தடவி, முரட்டுத் துணியால் விரல் சுடும் அளவுக்கு வேகமாகத் தேய்த்தால் ஓரம் கறுத்துப் பளபளக்கும். இறுதியாகத் தேன்மெழுகைப் பூசி மறுபடியும் தேய்க்கலாம்.

மூடியைக் கவிழ்த்து, குமிழ் படும் இடத்தைக் குறித்து, குமிழின் தலையைவிட 1 மி.மீ. சிறிய துளை போட்டு, அதிலிருந்து மேல்நோக்கி 5 மி.மீ. கீறல் இடுங்கள். பையில் பொருள் ஏறும்போது மூடி மேல்நோக்கி இழுபட்டுக் குமிழ் துளையின் கீழ்விளிம்பில் தங்கும் என்பதால், கீறல் கீழ்நோக்கி இருந்தால் மூடி தானாகவே கழன்றுகொள்ளும். 2 செ.மீ. அகலமும் 120 செ.மீ. நீளமும் உள்ள வாரை வளையங்களில் கோத்து, முனைகளை மடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ரிவெட் அடியுங்கள். மடிக்கும் இடத்தில் தடிமனைப் பாதியாகச் சீவிக்கொண்டால் வளையத்தில் வார் இலகுவாகத் திரும்பும்.

பட்டைத் தோல் வெளிச்சம் பட்டு நிறம் ஏறக்கூடியது. முதல் வாரத்தில் பையைத் தினமும் திருப்பித் திருப்பி வைத்தால் நிறம் சீராக ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பாலித்தீன் உறைக்குள் வைத்தால் பூஞ்சணம் பூக்கும். பருத்தித் துணியில் சுற்றிக் காற்றுப்படும் அலமாரியில் வையுங்கள்.