மலையக மாணவர்களுக்கான ஹெக்கத்தோன் வழிகாட்டி: எதைச் செய்வது, எதை விடுவது

மூவர் முதல் ஐவர் வரை கொண்ட ஓர் அணி, 24 அல்லது 36 மணித்தியாலங்களுக்குள் ஒரு சிக்கலைத் தெரிந்தெடுத்து, அதற்கு இயங்கக்கூடிய ஒரு மாதிரியைச் செய்து, நடுவர்கள் முன்னிலையில் இயக்கிக் காட்ட வேண்டிய போட்டியே பல்கலைக்கழகங்களில் நடைபெறும் ஹெக்கத்தோன் ஆகும். இதனை நிரலாக்கப் போட்டியுடன் குழப்பிக்கொண்டு வருபவர்கள் ஒவ்வொரு முறையும் சிலராவது இருப்பார்கள். ஐ.ஈ.ஈ.ஈ. எக்ஸ்ட்ரீம் போன்ற 24 மணித்தியாலப் போட்டி உலகெங்கும் ஒரே நேரத்தில், அதாவது இலங்கையில் அதிகாலை 5.30க்குத் தொடங்குகிறது, அங்கே கணக்குகள் தரப்படும், விடை சரியா பிழையா என்பதைக் கணினியே தீர்மானிக்கும். ஹெக்கத்தோனில் கணக்கைக்கூட நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியிருப்பதால், எதைச் செய்வது என்பதைக் காட்டிலும் எதைச் செய்யாமல் விடுவது என்பதை விரைவாகத் தீர்மானிக்கும் அணியே முன்னுக்கு வருகிறது.

பேராதனை, பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ, பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவ ஆகிய பல்கலைக்கழகங்களில் படிக்கும் மலையக மாணவர்களை மனத்தில் வைத்தே இதனை எழுதுகிறேன். கணினித் துறையில் படிப்பவர்களுக்கு மட்டுமே இது உரியது என்று விவசாய பீடத்து மாணவர்களும் முகாமைத்துவ மாணவர்களும் ஒதுங்கிக்கொள்வதை ஏற்க முடியவில்லை. தேயிலைச் செடியைப் பற்றி எதுவும் அறியாத நான்கு நிரலாளர்கள் தேயிலைக்கென ஒரு செயலியைச் செய்து வந்து நிற்கும்போது, நடுவரின் முதல் கேள்வியிலேயே அது தெரிந்துவிடும்.

அணியைச் சேர்க்கும்போது நண்பர்களாகப் பார்த்துச் சேர்ப்பது இயல்புதான். ஆயினும் தரவுத்தளத்தையும் பின்புல நிரலையும் எழுத ஒருவர், திரையையும் பயனர் நடமாட்டத்தையும் அமைக்க ஒருவர், சிக்கலை நேரில் அறிந்து நடுவர்களுக்கு விளக்கிச் சொல்ல ஒருவர் என்று மூன்று பொறுப்புகளுக்கும் ஆள் இருக்க வேண்டும். வன்பொருள் செய்வதாயின் நான்காமவர் அவசியம். சிங்கள மொழி பேசும் ஒருவரையாவது அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யும் எதுவும் மலைநாட்டில் பயன்பட வேண்டுமானால் இரண்டு மொழிகளிலும் இயங்க வேண்டும். மொழிபெயர்ப்புக் கருவி தரும் சிங்களத்தை நள்ளிரவில் திருத்தித் தர வேறு ஆள் கிடைக்காது.

விண்ணப்பம் பெரும்பாலும் ஒரு கூகுள் படிவத்திலும், ஓரிரு பக்க முன்மொழிவிலும் முடிந்துவிடும். விதிமுறைகளை மட்டும் முழுமையாக வாசியுங்கள். முன்பே எழுதிய நிரலைப் பயன்படுத்தலாமா, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு அனுமதி உண்டா, ஆக்கத்தின் உரிமை யாருக்கு என்ற மூன்றும் போட்டிக்குப் போட்டி மாறும். பழைய நிரலுக்கு அனுமதி இல்லாத போட்டிகளில் நிரலைச் சேமித்து வைக்கும் இணையத்தளமான கிட்ஹப்பின் வரலாற்றைத் திறந்து முதற் பதிவின் நேரத்தைப் பார்க்கும் நடுவர்கள் இருக்கிறார்கள்.

சிக்கலைத் தெரிவு செய்வதில்தான் மலையக மாணவருக்கு மற்றவர்களுக்கில்லாத வாய்ப்பு இருக்கிறது. அதைத்தான் பலர் கைவிட்டுவிட்டு, கொழும்பு மாணவர்கள் செய்யும் உணவு விநியோகச் செயலியையே தாமும் செய்கிறார்கள். உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் கொழுந்து பறித்திருப்பார். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் கொழுந்து நிறுக்கப்படும்போது சாக்கின் நிறைக்கும் ஈரத்துக்குமென எத்தனை கிலோ கழிக்கப்படுகிறது, முழுப் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, எத்தனை கிலோ வேண்டும், அது குறைந்தால் அரைநாள் சம்பளமான அரைப் பேர் எப்போது விழும் என்பவை உங்களுக்குக் கேட்டுப் பழகிய பேச்சு. நடுவர்களில் பலருக்கு அது புதிய செய்தி. இவை தோட்டத்துக்குத் தோட்டம் மாறுபடும் என்பதையும் அறிந்திருப்பதால், எண்களைச் செயலிக்குள் நிரந்தரமாக எழுதிவிடாமல் மாற்றக்கூடியவையாக வைக்கும் முன்யோசனை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இந்த உதாரணத்தையே இறுதிவரை கொண்டுசெல்வோம். "தோட்ட முகாமைத்துவத் தளம்" என்று தொடங்கினால் வருகைப் பதிவு, சம்பளம், உரக் கையிருப்பு, தொழிற்சாலை, ஏலம் என்று விரிந்துகொண்டே போய் எதுவும் முடியாது. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவதைப் போல, முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே அதை வெட்டி இறக்க வேண்டும்: ஒரு தொழிலாளி கொழுந்தை நிறுக்கிறார், நிறை, கழிவு, பதிவான நிறை என்ற மூன்று எண்கள் அவருடைய கைப்பேசிக்கே குறுந்தகவலாகச் செல்கின்றன. இவ்வளவுதான். மாத முடிவில் இந்த எண்களைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதை வாயால் சொன்னாலே போதும், அதற்கான திரையைச் செய்ய வேண்டியதில்லை.

இங்கே இரண்டு தொழில்நுட்பக் கட்டுப்பாடுகள் குறுக்கிடுகின்றன. இரண்டுமே நல்ல கேள்விகளாக நடுவரிடமிருந்து வரும். முதலாவது, பல மலைகளில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைப்பதில்லை. ஆகவே பதிவு முதலில் கைப்பேசிக்குள்ளேயே சேமிக்கப்பட்டு, சமிக்ஞை கிடைத்த பின் மையத் தரவுத்தளத்துக்குச் செல்லும்படி அமைக்க வேண்டும். ஒரே பதிவு இரண்டு முறை போய்ச் சேராதபடி ஒவ்வொன்றுக்கும் கைப்பேசியிலேயே ஒரு தனி அடையாள எண் இட வேண்டும். இரண்டாவது, குறுந்தகவலின் நீளம். ஆங்கில எழுத்துகளில் ஒரு குறுந்தகவலுக்கு 160 எழுத்துகள் இடமிருக்க, தமிழ் யூனிகோடில் அது 70 குறியீடுகளாகச் சுருங்கிவிடுகிறது. அவையும் நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் அல்ல. கொழுந்து என்ற சொல்லில் நமக்கு நான்கு எழுத்துகள் தெரிந்தாலும், உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் கணினிக்கு அது எட்டு. "இன்று கொழுந்து 18 கிலோ, கழிவு 1 கிலோ, பதிவு 17 கிலோ" என்ற வரி இடைவெளிகளோடு 51 குறியீடுகள். எஞ்சிய 19க்குள் திகதியை அடக்கிவிடலாம், தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் சேர்த்தால் செய்தி இரண்டாகப் பிரிந்து இருமடங்கு கட்டணம் ஆகும். இந்தக் கணக்கை நடுவர் முன் ஒரு நிமிடத்தில் சொல்லும் அணி, தன் பயனரை அறிந்த அணியாகத் தெரியும்.

தமிழைத் திரையில் காட்டுவதில் இன்னும் சில இடர்ப்பாடுகள் உள்ளன. நம் நாட்டில் பழைய ஆவணங்கள் பலவும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே ஒட்டினால் செயலியில் பொருளற்ற குறிகளே தோன்றும் என்பதால் முன்கூட்டியே யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சிறிய ஓலெட் திரைகளில் கொம்பும் காலும் இடம் மாறி உடைந்துபோகும். தேவையான சில சொற்களைப் படமாக மாற்றிச் சேமித்துக் காட்டுவதே அந்த இரவுக்குப் போதுமான தீர்வு.

மண்சரிவை எடுத்துக்கொள்ள விரும்பும் அணிகளும் ஆண்டுதோறும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை வீட்டில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அது வெறும் தலைப்பு அல்ல என்பதை அறிவேன். இருப்பினும், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடும் பொறுப்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கையில், ஒரு மாணவர் அணி ஓர் ஈரப்பத உணரியைக் கொண்டு தானே எச்சரிக்கை விடுப்பதாகச் சொன்னால், பிழையான எச்சரிக்கைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியில் அது நின்றுவிடும். வெளியான எச்சரிக்கை இரவு வேளையில் லயத்தின் கடைசி வீடு வரை தமிழில் சென்றடைகிறதா என்ற சிறிய பகுதியை எடுத்துக்கொள்வது நேர்மையானது. ஒரே இரவில் முடிக்கவும் கூடியது.

புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளில் தலையாயது பதிவிறக்கம். மண்டபத்தில் நூறு மடிக்கணினிகள் ஒரே வைஃபையில் தொங்கும்போது அன்ட்ரொய்ட் ஸ்டூடியோவைப் பதிவிறக்கத் தொடங்கினால் மதிய உணவு வரை காத்திருக்க நேரும். மென்பொருள்கள், நூலகங்கள், எழுத்துருக்கள், வரைபடத் துண்டுகள் யாவும் முன்னரே இறங்கியிருக்கட்டும். வைஃபை வசதியுள்ள சிறிய மின்னணுப் பலகையான ஈஎஸ்பி32 போன்றதைக் கொண்டுபோகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பல்கலைக்கழக வைஃபையில் அதனை இணைப்பது பெரும்பாடு. கைப்பேசியின் ஹொட்ஸ்பொட் எளிய வழி. ஆனால் அந்தப் பலகை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும் என்பதால், கைப்பேசி 5 கிகாஹேர்ட்ஸில் இருந்தால் வலையமைப்பின் பெயரே அதற்குத் தெரியாது. தராசுக்குச் சுமை உணரியையும், அதன் சமிக்ஞையை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 சுற்றையும் பயன்படுத்துவோர், அளவைச் சரிசெய்ய ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கையோடு வைத்திருந்தால் போதும்; தண்ணீர் ஒரு கிலோ, போத்தலின் நிறையை மட்டும் கழித்துவிடுங்கள்.

மல்டி பிளக் ஒன்று, சார்ஜர்கள், ஸ்வெட்டர், ஒரு போர்வை. ஹட்டன் பக்கத்திலிருந்து பேராதனைக்கு வருபவர்கள் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக வரும் கண்டி பஸ்ஸில் ஏறினால் பல்கலைக்கழகத்தருகே இறங்கிக்கொள்ளலாம். போட்டி காலை ஒன்பதுக்குத் தொடங்குவதாயின் முதல்நாளே வந்து விடுதி நண்பர் ஒருவரின் அறையில் தங்குவது நல்லது. மழைக்காலத்தில் மலைப்பாதையை நம்பி நேரம் குறிக்க முடியாது.

போட்டி தொடங்கியதும் மடிக்கணினியைத் திறக்காதீர்கள். முதல் ஒரு மணித்தியாலம் தாளில் வரைந்து, யார் எதைச் செய்வது, ஒருவர் நிரலிலிருந்து மற்றவர் நிரலுக்கு என்ன வடிவில் தரவு செல்லும் என்பதை எழுதி ஒட்டுங்கள். மாலைக்குள், எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும், நிறுப்பது முதல் குறுந்தகவல் வரை ஒரு முழுச் சுற்று ஓடிவிட வேண்டும். ஓடியதும் அதை இணையத்தில் ஏற்றிவிடுங்கள். கடைசி மணித்தியாலத்தில் ஏற்ற முயலும்போதுதான் கடவுச்சொற்களும் பதிப்பு வேறுபாடுகளும் முன்னே வந்து நிற்கும். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் மணிக்கொரு முறையேனும் பதிவு செய்யுங்கள். குறுந்தகவல் சேவையின் இரகசியச் சாவியைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிடாதிருக்க, அதனைத் தனிக் கோப்பில் வைத்து, அந்தக் கோப்பைத் தொடக்கத்திலேயே கிட் பதிவிலிருந்து விலக்கிவிடுங்கள்.

நள்ளிரவுக்குப் பின் அணியில் யாரோ ஒருவர் புதிய யோசனை ஒன்றோடு வருவார். அது பெரும்பாலும் நல்ல யோசனையாகவே இருக்கும். ஆனாலும் அதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, எதிர்காலத் திட்டம் என்ற சிலைடில் சேர்த்துக்கொள்ளுங்கள். முறைவைத்து இரண்டு மணித்தியாலமாவது தூங்குங்கள். தூங்காத ஒருவர் அதிகாலை நான்கு மணிக்குச் செய்யும் திருத்தம் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஐந்து மணிக்குப் பின் புதிய நிரல் வேண்டாம். இயங்கும் மாதிரியை முதலில் இருந்து கடைசி வரை காணொளியாகப் பதிவு செய்து கைப்பேசியிலும் பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் இணையம் நின்றுபோனால் அதுவே உங்கள் மாதிரி.

முன்வைப்புக்குப் பெரும்பாலும் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், மொழி ஆங்கிலம். தமிழ் மொழி மூலம் உயர்தரம் படித்து வந்தவர்கள் இங்கேதான் தயங்குகிறார்கள். நிரலின் பாதியை எழுதியவர் பின்வரிசையில் நிற்க, ஆங்கிலம் நன்றாகப் பேசுபவர் தமக்குத் தெரியாததையெல்லாம் விளக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சிறிய வாக்கியங்களில், செய்து காட்டியபடியே பேசினால் ஆங்கிலம் குறுக்கே நிற்காது. முதல் அரை நிமிடத்தில் மடுவத்தில் நிற்கும் ஒருவரின் நிலையைச் சொல்லி, உடனே தராசில் பொருளை வைத்து, நடுவர் ஒருவரின் கைப்பேசிக்கே குறுந்தகவல் வரச் செய்யுங்கள். பயன்படுத்திய தொழில்நுட்பங்களின் பட்டியலுக்கு ஒரு சிலைட் தாராளம். கேள்வி நேரத்தில், தோட்ட நிர்வாகம் இதை ஏன் ஏற்க வேண்டும் என்று கட்டாயம் கேட்பார்கள். கணக்கில் வரும் தகராறு குறைந்தால் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளைக்கும் நேரம் மிஞ்சும் என்பது போன்ற ஒரு பதிலை முதல்நாளே யோசித்து வையுங்கள். உண்மையான தொழிலாளர்களின் பெயரையோ எண்ணையோ மாதிரித் தரவில் இடாதீர்கள்.

முடிவு அறிவித்ததும் கூட்டம் கலைந்துவிடும். அதற்கு முன் நடுவர்களில் ஒருவரையாவது அணுகி, எது குறை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பரிசு பெற்ற அணியும் கேட்க வேண்டும். அந்த வாரத்துக்குள்ளேயே களஞ்சியத்தில் ஒரு விளக்கக் கோப்பும், நிரலைப் பிறரும் பயன்படுத்த அனுமதிக்கும் எம்ஐடி போன்ற ஓர் உரிமக் குறிப்பும், காணொளியும் சேர்த்துவிட்டால், தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழை விட அந்த இணைப்பு பயன்படும். ஆய்வுகூடத்தில் இரவல் வாங்கிய சுமை உணரியைத் திங்கட்கிழமையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த அணிக்கும் அது வேண்டியிருக்கும்.