மலையில் ஓட்ட செடான் எடுக்கிறீர்களா? ஏற்றத்தை விட இறக்கத்தில் ஓட்டிப் பாருங்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் யார் கார் எடுக்கப் போனாலும் "மலைக்கு செடான் சரிப்படாது, எஸ்யூவி எடு" என்றுதான் சொல்கிறார்கள். நான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். செடான், அதாவது டிக்கி தனியாகப் பின்னால் நீண்ட தாழ்வான வண்டி, வளைவில் அதிகம் சாயாது, பின் சீட்டில் வரும் அம்மாவுக்குக் குமட்டல் குறையும், கேரட் மூட்டை டிக்கியோடு போய்விடும், மண் வாசனை உள்ளே வராது. ஆனால் கோயம்புத்தூர்க்காரர் செடான் பார்க்கும் கண்ணோடு நாம் பார்க்கக் கூடாது. எங்கள் வீட்டுக்கு எடுத்தபோது நான் போன வரிசையிலேயே சொல்கிறேன். லோன், இன்சூரன்ஸ் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

முதலில் ஷோரூமுக்குப் போகாதீர்கள், வீட்டு வாசலுக்குப் போங்கள். ஹட்டிகளில் (படகர் கிராமங்களில்) பல வீடுகளுக்கு மெயின் ரோட்டிலிருந்து சிமென்ட் இறக்கம்தான் வழி. அந்த இறக்கம் முடிந்து தரை சமமாகும் இடத்தில்தான் முன் பம்பர் உரசும், இறக்கம் தொடங்கும் முனையில் வண்டியின் வயிறு தட்டும். கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள உயரம்) எண்ணை மட்டும் பார்த்தால் இது தெரியாது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி கூடினால் அதே கிளியரன்ஸிலும் வயிறு தட்டும். டிசையரில் அந்த இடைவெளி 2450 மில்லிமீட்டர், வர்டஸில் 2651. வர்டஸின் கிளியரன்ஸ் 179, டிசையரின் 163 என்பதால் வர்டஸ்தான் தப்பிக்கும் என்று நினைக்கலாம், வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்காமல் சொல்ல முடியாது. டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள், நாலு பேரை ஏற்றி மெதுவாக இறக்குங்கள், ஒருவர் கீழே குனிந்து பார்க்கட்டும். காலியாக இருக்கும்போது தாராளமாகத் தெரிந்த இடைவெளி, பின் சீட்டில் மூன்று பேர் ஏறியதும் எவ்வளவு குறைகிறது என்று அப்போதுதான் தெரியும்.

நீளத்தையும் அங்கேயே முடிவு செய்துவிடலாம். டிசையர், அமேஸ், ஆரா எல்லாம் நாலு மீட்டருக்குள். சிட்டி, வெர்னா, வர்டஸ் நாலரை மீட்டரைத் தாண்டும். குன்னூர் பஜாரில் தினமும் பார்க்கிங் தேடுகிறவர்கள் நாலு மீட்டருக்குள்ளேயே நில்லுங்கள். டிசையர் 4.8 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும், அமேஸ் 4.7. 2025 செப்டம்பருக்குப் பிறகு இந்தச் சின்ன பெட்ரோல் செடான்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரியதற்கு 40.

அடுத்து எஞ்சின். ஊட்டி 2240 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். டர்போ அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். அதற்காக டர்போதான் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் வேகம் செத்து, செகண்ட் கியரில் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) 1500க்குக் கீழே போகும்போது சின்ன டர்போ ஒரு நொடி தூங்கும், பின்னால் பஸ் நிற்கும்போது அந்த ஒரு நொடி பெரிது. அதனால் எஞ்சின் பலத்தைச் சொல்லும் பிஎஸ் எண்ணைக் கேட்பதை விட்டுவிட்டு, கீழ் ஆர்பிஎம்மில் இழுக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனி டெஸ்ட் டிரைவ். என்னை ரொம்ப இழுத்தடித்தது இதுதான். ஷோரூம்காரர்கள் கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் நேராக ஒரு சுற்று விட்டுத் திருப்பிக் கொண்டுவரத்தான் பார்ப்பார்கள், ஓர் இடத்தில் மலைக்குத் தரவே முடியாது என்றார்கள். விடாதீர்கள். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் மலையடியில் இருக்கும் கல்லாறிலிருந்து பர்லியார் வரையாவது ஏற வேண்டும், ஏசி ஓட வேண்டும், சீட்டெல்லாம் ஆள் இருக்க வேண்டும். ஒரு கொண்டை ஊசியில் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தி, ஹில் ஹோல்ட் (ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் தடுக்கும் வசதி) பிடிக்கிறதா, கிளட்ச்சை வாட்டாமல் கிளம்புகிறதா என்று பாருங்கள். அப்புறம் திரும்பி இறங்கும்போது செகண்டில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். எஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைத்தால் நல்ல வண்டி, ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வர வேண்டியிருந்தால் வேண்டாம். சீசனில் கல்லாறு வந்ததும் டூரிஸ்ட் வண்டிகளிலிருந்து கருகிய வாடை அடிக்குமே, பிரேக்கையே நம்பி இறங்கினால் வருவது அதுதான். சூடேறிய பிரேக் பிடிக்காது.

கியர்பாக்ஸில் என் கட்சி மேனுவல். ஆட்டோமேட்டிக்தான் வேண்டுமென்றால் டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்துவது) அல்லது சிவிடி (கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டில் ஓடுவது) எடுங்கள், ஏஎம்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் இருப்பது சாதாரண கிளட்ச்தான், அதை மிதிப்பது மட்டும் மெஷின். ஏற்றத்தில் கியர் மாறும் நேரத்தில் இழுவை அறுந்து வண்டி தளரும். ஊட்டி சேரிங்கிராஸ் நெரிசலில் ஊர்ந்து ஏறும்போது கிளட்ச் சூடாகும். சிவிடி வாங்குகிறவர்கள், இறக்கத்தில் கியர் லிவரை வழக்கமான 'டி'யிலேயே விட்டால் வண்டி ஓடிவிடும், எஞ்சின் பிடிப்பு கூடும் 'எஸ்' அல்லது 'எல்'லுக்கு மாற்றப் பழகுங்கள்.

வேரியன்ட் பார்க்கும்போது சன்ரூஃபுக்குக் கொடுக்கும் பணத்தைப் பின் கண்ணாடி டிஃபாகருக்கு (கண்ணாடியில் படியும் பனியைச் சூடேற்றிப் போக்குவது) கொடுங்கள். ஜூலையில் லவ்டேல் பக்கம் மாலையில் ஓட்டியவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

பின்சேர்க்கை: கூடலூரிலிருந்து ஒருவர் சிஎன்ஜி (இயற்கை எரிவாயு) வண்டி எடுக்கலாமா என்று கேட்டார். டிசையரில் பெட்ரோலில் 82 பிஎஸ் இருப்பது சிஎன்ஜியில் 70க்கு வந்துவிடும், அதிலிருந்து உயரமும் தன் பங்கைப் பிடிக்கும், டிக்கியைச் சிலிண்டர் எடுத்துக்கொள்ளும். கீழே நிறைய ஓட்டுகிறவருக்குச் சரி, நடுவட்டம் ஏறி தினமும் ஊட்டி வருகிறவருக்கு வேண்டாம்.

இன்னொருவருக்கு மழையில் பாசி பிடித்த சிமென்ட் ஏற்றத்தில் சக்கரம் சும்மா சுற்றுகிறதாம். நான் மேலே சொன்ன செடான்கள் எல்லாம் முன் சக்கரத்தில் ஓடுகிறவை. டிக்கியில் பாரம் ஏற்றினால் எடை பின்னுக்குப் போய் முன் சக்கரத்தின் பிடி குறையும். பாரத்தை முன் சீட்டுக்கு மாற்றுங்கள், முன் டயர் தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், பாசியைத் தேய்த்துவிட்டு அந்தச் சிமென்டில் குறுக்காகக் கோடு வெட்டச் சொல்லுங்கள்.