ஜகாத் கணக்கும் நிய்யத்தும்: ஒரு மளிகைக் கடைக்காரரின் வழிமுறை

காயல்பட்டினத்தில் முப்பது வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நோன்பு நெருங்கினால் இளைஞர் யாராவது வந்து, அண்ணன் என்ற முறையில், “காக்கா, ஜகாத் கணக்கு எப்படிப் பார்ப்பது?” என்று கேட்பார். வசதியுள்ள முஸ்லிம் தன் பொருளிலிருந்து வருடந்தோறும் கொடுக்கவேண்டிய கடமையான தர்மம்தான் ஜகாத். கணக்கைச் சொல்லிக்கொடுக்கக் கால் மணி நேரம் போதும். ஆனால் கணக்கு சரியாக இருந்தும் கொடுத்தது வீணாகிவிடலாம் என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பிறைக் கணக்கில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு அது நோன்புக்கு முந்தைய மாதமான ஷஃபானின் பிறை 20. ஆங்கிலத் தேதி வேண்டாம். சந்திர வருடம் ஏறத்தாழ 11 நாள் குறைவு, முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு வருட ஜகாத்தே விடுபட்டுப்போகும். அன்று கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு மகனும் நானும் இருப்பு எடுப்போம். சரக்குக்கு அன்றைய சந்தை விலை. அதோடு கையிருப்பு, வங்கியில் உள்ளது, நிச்சயம் வரும் என்று நம்புகிற கடன். தராசு, ஃபிரிட்ஜ், அலமாரி, கட்டடம் ஆகியவற்றுக்கு ஜகாத் இல்லை. ஒரு வருடம் சரக்கு 12,40,000, ரொக்கமும் வங்கியும் 2,80,000, வரவேண்டிய கடன் 80,000 என்று வந்தது. மொத்தம் 16 லட்சம். நாற்பதில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை சதவீதம்: 40,000 ரூபாய்.

ஜகாத் கடமையாவதற்கான குறைந்தபட்ச அளவுக்கு நிசாப் என்று பெயர். அது 85 கிராம் தங்கம் அல்லது 595 கிராம் வெள்ளியின் மதிப்பு. வெள்ளிக் கணக்கை எடுத்தால் ஏழைக்கு நன்மை என்று எங்கள் ஊர் மார்க்க அறிஞரான ஆலிம்சா சொல்வார், அதையே எடுக்கிறேன். மனைவி அணிந்திருக்கும் நகைக்கு ஷாஃபி மத்ஹபில் (மத்ஹப் என்றால் மார்க்கச் சட்டப் பிரிவு) ஜகாத் இல்லை, ஹனஃபியில் உண்டு. நாம் கொடுக்கவேண்டிய கடனைக் கழிப்பதிலும் வேறுபாடு இருக்கிறது. உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டு ஒன்றில் நில்லுங்கள். வருடத்துக்கு வருடம் எது குறைவோ அந்தப் பக்கம் சாயாதீர்கள்.

தொகை தெரிந்ததும் அதை எண்ணித் தனியே எடுத்து வையுங்கள். நிய்யத், அதாவது மனத்தின் எண்ணம், வைக்கும் நேரம் இதுதான். “செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவையே” என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரி என்ற நபிமொழித் தொகுப்பின் முதல் ஹதீஸே அதுதான். நிய்யத்தின் இடம் உள்ளம், வாயால் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. நான் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் பணத்தை வைக்கும்போது, “இது என் பொருளின் மீது கடமையான ஜகாத்” என்று மனத்தில் நிறுத்திக்கொள்கிறேன். அதன் பிறகு அது என் பணமல்ல. கல்லாவில் சில்லறை தட்டுப்பட்டுப் போனாலும் அந்த டின்னைத் திறப்பதில்லை. போன மாதம் யாருக்கோ சும்மா கொடுத்த ஆயிரத்தை இப்போது நினைவுபடுத்தி, “அதையும் இதில் சேர்த்துக்கொள்ளலாமே” என்றால் சேராது. கொடுக்கும்போது ஜகாத் என்ற எண்ணம் இல்லாததால் அது ஸதகா, விரும்பிக் கொடுத்த தர்மம், அவ்வளவுதான்.

வியாபாரிகளுக்கு ஓர் எச்சரிக்கை. கடன் நோட்டில் வராத பாக்கிகள் இருக்கும். “இந்த ஏழாயிரத்தை ஜகாத்தில் கழித்துவிட்டோம்” என்று கோடு போட மனம் துடிக்கும். நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களும் பொதுவாக அதை ஜகாத்தாக ஏற்பதில்லை. மன்னித்துவிடுங்கள், பெரிய நன்மை உண்டு. அதை ஜகாத் என்று எழுதாதீர்கள். விற்காத சரக்கும் அப்படித்தான். வண்டு விழுந்த பயறையும் ஒரே தண்ணீரில் சாயம் போகிற சேலையையும் கட்டிக் கொடுக்கும் முன், குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமான அல்பகராவின் 267ஆம் வசனத்தைப் பாருங்கள். உங்களுக்கே கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவீர்களே, அத்தகைய மட்டமானதைத் தேடிக் கொடுக்காதீர்கள் என்கிறான் அல்லாஹ்.

இனி யாருக்கு, எப்படி என்பது. நானும் ஒரு காலத்தில் 27ஆம் நோன்பன்று கடை வாசலில் வரிசை நிற்கவைத்து ஐம்பது ஐம்பது ரூபாயாகக் கொடுத்தவன். வரிசை தெருமுனை தாண்டினால் மனத்துக்கு நிறைவாக இருக்கும். ஒரு வருடம் அந்த வரிசையில் என்னோடு பள்ளியில் படித்தவனின் மனைவி நின்றார். அவன் மௌத்தாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. துப்பட்டியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவின் எதிர்ப்பக்கம் பார்த்தபடியே கையை நீட்டினார். தாள் விரலில் பட்டதும் அதைச் சுருட்டி உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார். அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை. அன்று நான் வரிசையின் நீளத்தைத்தான் நிய்யத்தாக வைத்திருந்தேன் என்பது அப்போது புரிந்தது.

நாற்பதாயிரத்தை ஐம்பதாகப் பிரித்தால் எண்ணூறு பேர் வருவார்கள், ஒருவர் வீட்டுக் கஷ்டமும் தீராது. எட்டு வீடுகளுக்கு ஐயாயிரம் என்றால் ஒரு மாத வாடகையோ மருந்துச் செலவோ தீரும். கேட்காதவர்களைத் தேடுங்கள். அவர்களது தன்மானத்தைப் பார்த்து அறியாதவர் செல்வந்தர் என்று நினைப்பார், அடையாளத்தால் நீர் அறிந்துகொள்வீர் என்று அல்பகரா 273 சொல்கிறது. அந்த அடையாளம் என் கண்ணுக்குத் தராசில் தெரிகிறது. மாதம் ஒரு மூட்டை அரிசி எடுத்த வீடு வாரம் இரண்டு கிலோ என்று இறங்கும். லிட்டர் எண்ணெய் நூறு மில்லியாகும். பிள்ளைக்கு பிஸ்கட் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். ஆசிரியர்களுக்கு, மருந்துக் கடைக்காரர்களுக்கு, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாருக்கு அவரவர் இடத்தில் இது தெரியும்.

உறவில் தேவையுள்ளவர் இருந்தால் அவரிடமிருந்து தொடங்குங்கள். ஏழைக்குக் கொடுப்பது ஒரு தர்மம், உறவினருக்குக் கொடுத்தால் தர்மமும் உறவைச் சேர்ப்பதும் ஆகிறது என்பது ஹதீஸ். ஆனால் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஜகாத்திலிருந்து கொடுக்கக்கூடாது. அவர்களைப் பராமரிப்பது ஏற்கெனவே நம் பொறுப்பு.

எங்கள் வீட்டில் இப்போது மனைவிதான் இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு உறைகளை எடுத்துப்போகிறாள். உறையில் பெயர் எழுதுவதில்லை. அக்கா என்ற முறையில், “பெருநாள் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், லாத்தா” என்பாள், இரண்டு நிமிடம் வேறு பேச்சுப் பேசுவாள், வந்துவிடுவாள். ஜகாத் என்று வாங்குபவரிடம் சொல்லவேண்டிய அவசியம் இல்லை; நமக்குத் தெரிந்தால் போதும்.

வெளிப்படையாகக் கொடுப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. வெளிப்படுத்தினாலும் நல்லது, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது என்பதே குர்ஆனின் வார்த்தை (2:271). வெள்ளமோ விபத்தோ வந்தால் ஒருவர் கொடுப்பதைப் பார்த்துத்தான் பத்துப் பேர் கொடுப்பார்கள். ஆனால் வாங்குபவர் முகத்தைப் படம் எடுப்பதை எந்த விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது. பள்ளிவாசலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தபோது இறக்கையில் வாப்பாவின் பெயரை எழுதச் சொன்னேன். சில நாளிலேயே, தொழுது ஸலாம் கொடுத்ததும் கண் மேலே போவதைக் கவனித்தேன். பெயர் என் வாப்பாவுடையது, பார்வை எனக்காகத்தான் போயிற்று. பெயின்டரை வரவழைத்து அழிக்கச் சொன்னேன்.

கொடுத்து முடித்த பிறகுதான் கடினமான பகுதி. சொல்லிக் காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள். அது வழுக்குப் பாறை மேல் படிந்த மண் போன்றது, பெருமழை விழுந்தால் வெறும் பாறையாகிவிடும் என்கிறது அல்பகரா 264. வாயால் சொல்லாமல் முகத்தால் சொல்லிக் காட்டுவதும் உண்டு. ஒரு பையனின் கல்லூரிக் கட்டணத்துக்கு உறை போனது. அடுத்த மாதமே அவன் எதிர்க் கடையில் சோப்பு வாங்கிக்கொண்டு, ஸலாம் சொல்லாமல் என்னைக் கடந்து போனான். நெஞ்சில் சுருக்கென்றது. அன்று மாலை வந்த அவன் உம்மாவுக்குச் சர்க்கரை கட்டிக் கொடுக்கும்போது நான் வழக்கம்போல் நலம் விசாரிக்கவில்லை. அவர் போன பிறகுதான் உறைத்தது. அவனுக்கு உறை எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் இருக்கலாம்; அப்படி இருக்கவேண்டும் என்றுதானே பெயர் எழுதவில்லை?

மறுநாள் அந்த அம்மா பால் பவுடர் வாங்க வந்தார். பொட்டலம் கட்டியபடி, பையனின் படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டேன். இந்த வருடமும் அந்த வீட்டுக்கு ஓர் உறை எடுத்து வைத்திருக்கிறேன்.