போக்கரில் கால் பண்ணலாமா, ஃபோல்டா? விலை பார்த்து முடிவெடுக்கும் முறை

டெக்சஸ் ஹோல்டம் விதிகளும், எந்தக் கை எதை வெல்லும் என்ற வரிசையும் தெரிந்தவர்களுக்கான பதிவு இது. புதிதாக ஆடுபவர்களின் சிப்ஸ் கரைவது பெரும்பாலும் ப்ளஃபில் (பலமில்லாத கையோடு எதிராளி வைக்கும் மிரட்டல் பந்தயத்தில்) ஏமாந்து அல்ல. "அடுத்த சீட்டு வந்துவிடும்" என்று ஒவ்வொரு பெட்டுக்கும் (பந்தயத்துக்கும்) கால் பண்ணிக்கொண்டே போவதால்தான். கால் என்றால் எதிராளி வைத்த தொகைக்குச் சமமாகப் போடுவது; ஃபோல்ட் என்றால் கையை விட்டு விலகுவது. அந்த ஓட்டையை அடைக்கச் சின்னச் சின்னக் கணக்குகள் போதும். நடுவில் சேரும் சிப்ஸை 'பாட்' என்பார்கள். படிக்க வசதியாக இங்கே குவியல் என்றே எழுதுகிறேன்.

படி 1: விலை என்ன?

குவியலில் 100 சிப்ஸ். எதிராளி 50 வைக்கிறார். நீங்கள் போட வேண்டியது 50. பலர் இந்த 50-ஐ 150-ஆல் வகுத்து 33% என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. உங்கள் 50-ம் உள்ளே விழுந்த பிறகு குவியல் 200. ஜெயித்தால் அந்த 200-ம் உங்கள் பக்கம் வரும். ஆகவே விலை 50/200, அதாவது 25%. நான்கில் ஒரு முறை ஜெயித்தால் கையைக் கடிக்காது.

மேசையில் உட்கார்ந்து வகுத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. இவற்றை மனப்பாடம் செய்துவிடுங்கள்: குவியலில் கால்வாசி பெட் என்றால் 17%, மூன்றில் ஒரு பங்கு 20%, பாதி 25%, மூன்றில் இரண்டு பங்கு 29%, முழுக் குவியல் 33%, இரு மடங்கு 40%.

படி 2: அவுட்களை எண்ணுவது

உங்கள் கையைத் தேற்றிவிடக்கூடிய சீட்டுகள்தான் அவுட். ஒரே ஜாதியில் நான்கு இருந்து ஐந்தாவதுக்குக் (ஃப்ளஷுக்கு) காத்திருந்தால் 9 அவுட். இரு முனையும் திறந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு (7-8-9-10 போல) 8. நடுவில் ஒரு சீட்டு மட்டும் குறைந்தால் 4.

படி 3: இரண்டால் பெருக்கவா, நான்கால் பெருக்கவா?

தயவுசெய்து இந்தப் படியை நிதானமாகப் படியுங்கள். கணக்குத் தெரிந்தவர்கள்கூட இங்கேதான் சறுக்குகிறார்கள்.

"ஃப்ளாப்பில் அவுட்டை 4-ஆல் பெருக்கு, டர்னில் 2-ஆல் பெருக்கு" என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். (மேசையில் முதலில் விழும் மூன்று சீட்டு ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர்.) பாதிதான் உண்மை. 4-ஆல் பெருக்கினால் கிடைப்பது, டர்ன், ரிவர் இரண்டையும் பார்த்தால் வரும் வாய்ப்பு. ஆனால் ஃப்ளாப்பில் நீங்கள் கொடுக்கும் 50 சிப்ஸ் டர்ன் சீட்டுக்கான விலை மட்டுமே. ரிவருக்கு எதிராளி இன்னொரு முறை விலை கேட்பார்.

உங்களிடம் ஆர்ட்டின் ஏஸ், ஆர்ட்டின் 5. ஃப்ளாப்பில் ஆர்ட்டின் கிங், ஆர்ட்டின் 9, இஸ்பேட் 4. மேலே சொன்ன அதே 100, அதே 50. 9 x 4 = 36%; விலை 25% தானே என்று கால் பண்ணத் தோன்றும். உண்மையில் அடுத்த ஒரு சீட்டில் ஆர்ட்டின் விழும் வாய்ப்பு 9/47, சுமார் 19%. டர்னில் விழவில்லை, எதிராளி 200 குவியலில் 100 வைக்கிறார் என்றால் மறுபடியும் அதே 25% விலை, அதே 19 சொச்சம் வாய்ப்பு. இரண்டு சீட்டையும் பார்க்க ஆன செலவு 50 அல்ல, 150.

ஆகவே பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டியது: அவுட்டை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். 9 அவுட்டுக்கு 19%, 8-க்கு 17%, 4-க்கு 9%. நான்கால் பெருக்குவது ஃப்ளாப்பில் ஆல்-இன் (இருக்கும் சிப்ஸ் மொத்தமும் உள்ளே) ஆகும்போது மட்டும். அப்போது மேற்கொண்டு பெட் கிடையாது, இரண்டு சீட்டும் ஒரே விலைக்கு வந்துவிடும். அங்கேயும் 8-க்கு மேல் அவுட் இருந்தால், 8-ஐத் தாண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம் கழியுங்கள். 15 அவுட்டுக்கு 60 அல்ல, 53. துல்லியமாகக் கணக்கிட்டால் 54, அவ்வளவு நெருக்கம்.

படி 4: குறையும் சிப்ஸ் பின்னால் வருமா?

விலை 25%, வாய்ப்பு 19%. உடனே ஃபோல்டா? ஃப்ளஷ் விழுந்த பிறகும் எதிராளி சிப்ஸ் கொடுப்பார் அல்லவா, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைச் சீட்டுகளை வைத்தே சொல்லிவிடலாம்.

மீதி 47 சீட்டும் ஒவ்வொரு முறை டர்னில் வருவதாக வையுங்கள். 38 முறை ஆர்ட்டின் இல்லை: 38 x 50 = 1900 போச்சு. 9 முறை ஆர்ட்டின்: 9 x 150 = 1350 வந்தது. பள்ளம் 550. அதை 9-ஆல் வகுத்தால் 61. ஆக, ஃப்ளஷ் விழும்போதெல்லாம் சராசரியாக இன்னும் 61 சிப்ஸாவது வாங்க முடியுமா என்பதே கேள்வி. எதிராளியிடம் 400 சிப்ஸ் இருக்கிறது, கிங் ஜோடியை விட மனம் வராதவர் என்றால் தாராளமாகக் கால் பண்ணுங்கள். அவரிடம் மிச்சம் 40 தான் என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கையில் சின்ன ஜோடி வரும்போதும் இதே தர்க்கம்தான். 4-4 வைத்திருந்தால் ஃப்ளாப்பில் மூன்றாவது 4 விழுவது சுமார் 12%, எட்டரை முறைக்கு ஒரு முறை. விழுந்தாலும் எல்லா முறையும் பெரிய குவியல் கிடைக்காது. அதனால் கால் பண்ணும் தொகையைப் போல் 15 மடங்காவது இருவரிடமும் இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். இருவரில் யாரிடம் குறைவோ அவர் கணக்குத்தான் கணக்கு.

படி 5: நீங்கள் விலை வைக்கும்போது

உங்களிடம் கிங் ஜோடி, மேசையில் இரண்டு ஆர்ட்டின். கால்வாசி வைத்தால் எதிராளிக்கு விலை 17%. அவர் ஃப்ளஷுக்குக் காத்திருந்தால் அவருக்கு வாய்ப்பு 19%. அவருக்கு நீங்களே தள்ளுபடி கொடுக்கிறீர்கள். பாதியாவது வையுங்கள்.

ப்ளஃபுக்குக் கணக்கு வேறு. உங்கள் பெட்டை, பெட்டும் குவியலும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். பாதிக் குவியல் ப்ளஃப் மூன்றில் ஒரு முறை பலித்தால் போதும். முழுக் குவியல் என்றால் இரண்டில் ஒரு முறை பலிக்க வேண்டும்.

ரிவரில் அவுட் என்பதே கிடையாது. விலை 25% என்றால், நான்கில் ஒரு முறையாவது எதிராளி ப்ளஃப் செய்வாரா என்று மட்டும் பாருங்கள். கேட்டதற்கெல்லாம் கால் பண்ணுபவர், ஆட்டம் முழுக்க அமைதியாக இருந்தவர் திடீரென்று ரிவரில் ரெய்ஸ் செய்தால் (பந்தயத்தை உயர்த்தினால்), நான் ஃபோல்ட் பண்ணச் சொல்வேன்.

பயிற்சி

ஈக்விலாப் போன்ற, வெற்றி வாய்ப்பைக் கணக்கிட்டுத் தரும் மென்பொருள் நல்லதுதான். ஆனால் முதல் மாதம் அதைத் தொடாதீர்கள். அது விடையைக் கொடுத்துவிடும், கண் பழகாது. ஒரு சீட்டுக்கட்டை எடுத்து, இரண்டு சீட்டு கையில், மூன்று சீட்டு மேசையில் வையுங்கள். மீதி 47-ஐயும் முகம் தெரிய விரித்து, உங்கள் அவுட்களைத் தனியே உருவி அடுக்குங்கள். அந்தச் சின்ன அடுக்கையும் பக்கத்தில் கிடக்கும் பெரிய விரிப்பையும் சேர்த்துப் பார்த்தால் 19% எவ்வளவு மெலிந்தது என்று புரியும். தினமும் இருபது ஃப்ளாப் செய்தால் போதும்.

பின்சேர்க்கை 1

"எதிராளி கையில் உள்ள இரண்டையும் கழித்து 45-ஆல் வகுக்க வேண்டாமா?" என்ற சந்தேகம் திரும்பத் திரும்ப வருகிறது. வேண்டாம். அவர் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாதவரை, அந்த இரண்டும் நீங்கள் பார்க்காத 47-ல் அடக்கம். அவரிடம் ஆர்ட்டின் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 47-ஆல் வகுக்கும்போது இரண்டும் சேர்ந்தே கணக்காகிவிடுகிறது.

பின்சேர்க்கை 2

எல்லா அவுட்டும் சுத்தமானவை அல்ல. மேலே சொன்ன கையில் ஆர்ட்டின் 4 விழுந்தால் உங்களுக்கு ஃப்ளஷ். ஆனால் மேசையில் 4 ஜோடியாகிவிடும். எதிராளியிடம் மூன்று 9 இருந்திருந்தால் அவருக்கு ஃபுல் ஹவுஸ். அதேபோல், மேசையில் இரண்டு ஆர்ட்டின் கிடக்கும்போது நீங்கள் ஸ்ட்ரெய்ட்டுக்குக் காத்திருந்தால், 8 அவுட்டில் இரண்டு ஆர்ட்டினாக வந்து வேறொருவரின் ஃப்ளஷை முடித்துவிடலாம். 6 என்றே எண்ணுங்கள். 17% இறங்கி 13% ஆகிவிடும். உங்களிடம் ஏஸுக்குப் பதிலாக ஆர்ட்டின் 6-5 இருந்தால் ஃப்ளஷ் விழுந்தும் பெரிய ஃப்ளஷிடம் தோற்க நேரலாம், அதனால் படி 4-ல் வந்த 61-ஐ விடக் கூடுதலாகவே எதிர்பாருங்கள்.